கோட்டையூர்க்காரர் திரட்டிய 50,000 அடி ஃபிலிம்... வெளிநாடு கிளம்பும் உங்கள் பையில் என்ன இருக்க வேண்டும்?

பாஸ்போர்ட் வந்தாச்சு, விசா வந்தாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு. மகன் சிங்கப்பூரிலோ மகள் அமெரிக்காவிலோ காத்திருக்கிறார்கள். ஊறுகாய் பாட்டிலும் மனகோலம், சீப்புச்சீடை டப்பாவும் பெட்டியில் ஏறிவிட்டன. கடைசியாக ஒரு கேள்வி எழும். ‘போட்டோ எடுக்க போன் போதுமா, நல்ல கேமரா ஒன்று வாங்கிவிடலாமா?’

வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் கேள்வி இன்னும் கொஞ்சம் நீளும். ‘தாத்தாவின் பழைய ஃபிலிம் கேமராவை எடுத்துட்டுப் போகட்டா?’ ஃபிலிம் மோகம் இளைஞர்களிடம் திரும்ப வந்திருக்கிறது. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பழைய கேமராவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பவர்களில் பலருக்கு இருபது வயதுதான்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட, காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரிலிருந்து தொடங்குவதுதான் பொருத்தம். வெளிநாட்டுப் பயணம், கேமரா, ஃபிலிம் மூன்றையும் ஒன்றாகக் கட்டிச் சுமந்த ஒரு மனிதர் அங்கே பிறந்தார்.

லட்சம் மைல் பயணம்

அண்ணாமலை கருப்பன் செட்டியார் என்றால் பலருக்குத் தெரியாது. ஏ.கே.செட்டியார் என்றால் தெரியும். 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனிலிருந்து வந்த ‘தன வணிகன்’ இதழின் ஆசிரியராக இருந்தார். செட்டிநாட்டு இளைஞர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ‘கொண்டுவிக்க’ப் போன காலம் அது. போனால் மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். இவரோ கேமராவைப் பிடித்துக்கொண்டு வேறு திசையில் போனார். டோக்கியோவில் புகைப்படக் கலை படித்தார். பிறகு நியூயார்க்கில் படித்தார்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் ‘சமாரியா’ கப்பலில் இருக்கிறார். அன்று காந்தியின் பிறந்தநாள். காந்தியின் வாழ்க்கையை ஆவணப்படமாகத் தொகுத்தால் என்ன என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் பிறந்தது.

எண்ணம் சுலபம், செயல் அப்படியில்லை. காந்தி இந்தியாவில் மட்டுமா வாழ்ந்தார்? லண்டனில் படித்தார், தென்னாப்பிரிக்காவில் போராடினார், வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். அவரைப் படம்பிடித்த ஃபிலிம் துண்டுகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடி ஏ.கே.செட்டியார் ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம் செய்தார். முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த 50,000 அடி ஃபிலிமைத் திரட்டினார். புதிய காட்சிகளையும் படம்பிடித்தார். அதில் அவருக்குத் துணை நின்றவர் பாரிஸில் பயின்ற ஒளிப்பதிவாளர் பி.வி.பதி.

திரட்டியதில் சலித்து எடுத்து, சுமார் 12,000 அடிப் படமாக 1940 ஆகஸ்ட்டில் சென்னை ராக்ஸி தியேட்டரில் வெளியிட்டார். டி.கே.பட்டம்மாளின் குரல் அந்தப் படத்தில் ஒலித்தது. உலகப் போர் தொடங்கிவிட்ட நேரம் அது, ஆண்டதும் பிரிட்டிஷ் அரசு. அப்போது காந்தி படம் வெளியிடுவது எவ்வளவு துணிச்சல் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஃபிலிமின் எடை

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சினிமாவின் 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 12,000 அடி என்றால் இரண்டேகால் மணி நேரம். 50,000 அடி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். ஆயிரம் அடிச் சுருள் ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். தகர டப்பாக்களைச் சேர்க்காமலே மொத்தமும் நூறு கிலோவைத் தாண்டும்.

எடையைவிடப் பெரிய தலைவலி தீ. அந்தக் காலத்து சினிமா ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட் வகை. ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். பற்றிவிட்டால் தண்ணீருக்குள் முக்கினாலும் அணையாது, எரிய வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்தச் சரக்கைத்தான் கப்பலேற்றிக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

இன்று ஒன்பது மணி நேர வீடியோ நகத்தளவு மெமரி கார்டில் அடங்கிவிடும். வசதி பல மடங்கு கூடியிருக்கிறது. ஆனால், அவர் கிளம்பும்போதே தெளிவாக வைத்திருந்த ஒன்று நம்மில் பலரிடம் இல்லை. எதைப் படம் எடுக்கப் போகிறோம் என்ற தெளிவுதான் அது. கேமரா தேர்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதல் கேள்வி: யாருக்காக இந்தப் படம்?

பேரன் பேத்தியோடு இருக்கும் தருணங்கள், வாட்ஸ்அப்பில் சொந்தங்களுக்கு அனுப்ப நாலு படம், இவ்வளவுதான் தேவை என்றால் போன் தாராளமாகப் போதும். கடந்த சில வருடங்களில் வந்த நடுத்தர விலை போன்கள்கூட பகல் வெளிச்சத்தில் அருமையாக எடுக்கின்றன. புது கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் இன்னும் இரண்டு ஊர் பார்த்துவிடலாம்.

போனில் கவனிக்க வேண்டியவை மூன்று.

* விரலால் விரித்துப் பெரிதாக்கும் ஜூம் வேண்டாம். லென்ஸ் மாறும் 2 மடங்கு, 3 மடங்கு பட்டன் இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் நாலடி முன்னே நடந்து போய் எடுங்கள்.
* கிளம்பும் முன் இடத்தைக் காலி செய்யுங்கள். 4கே தரத்தில் ஒரு நிமிட வீடியோ சில நூறு எம்.பி. பிடிக்கும். ‘குட் மார்னிங்’ படங்கள் அடைத்த போனோடு விமானம் ஏறினால், நயாகரா முன்னால் நின்று பழைய ஃபைல்களை அழித்துக்கொண்டிருப்பீர்கள்.
* லென்ஸைத் துடையுங்கள். மங்கலாக வரும் படங்களில் பாதிக்குக் காரணம் விரல் பிசுக்குதான். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி போதும்.

தூரத்துப் பறவை, ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு, இரவு வானம், பள்ளி மேடையில் ஆடும் பேத்தி... இவையெல்லாம் வேண்டும் என்றால் போன் திணறும். அங்கேதான் கேமராவுக்கு வேலை.

கேமரா என்றால் எது?

கடைக்குப் போனால் மெகாபிக்சல் கணக்கு சொல்வார்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பிரின்ட் போட 20 மெகாபிக்சலே அதிகம். பயணத்துக்கு முக்கியம் எடை. கழுத்தில் ஒன்றரைக் கிலோவைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு நாள் நடந்தால், மறுநாள் கேமரா ஹோட்டல் அறையில்தான் இருக்கும். அறையில் கிடக்கும் விலை உயர்ந்த கேமராவைவிட, கையில் இருக்கும் சாதாரண கேமரா மேல்.

கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ வகை சிறியது, எடை குறைவு. முதல் முறை வாங்குபவர்கள் ஒரே ஒரு ஜூம் லென்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். கேமராவோடு சேர்த்துத் தருகிற லென்ஸே ஊர் பார்க்கப் போதும். கோயில் உள்ளே, மியூசியம், இரவுக் கடைத்தெரு போன்ற குறைந்த வெளிச்சத்துக்கு 35 அல்லது 50 மி.மீ. நிலையான லென்ஸ் ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது. மூன்றாவது லென்ஸ் சுமைதான்.

இன்னொன்று. புது கேமராவை விமான நிலையத்தில் பிரிக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வாங்கி, ஊர்த் திருவிழாவில் நூறு படமாவது எடுத்துப் பழகுங்கள். தேரோட்டக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தெளிவாக எடுக்கத் தெரிந்தவருக்கு உலகின் எந்தக் கடைத்தெருவும் பெரிதில்லை.

ஃபிலிம் ஆசை இருந்தால்...

நம் வீடுகளில் பழைய ஆக்ஃபா கிளிக் III இன்னும் இருக்கலாம். பரோடாவில் தயாரான பெட்டிக் கேமரா. 120 சுருள் போட்டால் பன்னிரண்டே படம். ஊட்டியில் இயங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள்தான் பல ஸ்டூடியோக்களுக்குச் சோறு போட்டது. இன்று அந்த ஆலை இயங்கவில்லை. இப்போது கிடைப்பவை இறக்குமதிச் சுருள்கள்.

ஒரு சுருளை வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்து முடிக்க ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். 36 படத்துக்கு வகுத்தால் ஒரு ‘க்ளிக்’ முப்பது ரூபாய். அதனால்தான் ஃபிலிமில் எடுப்பவர்கள் ஒரு படத்துக்கு முன் ஒரு மூச்சு நிதானிக்கிறார்கள். பத்து நாள் பயணத்துக்கு ஐந்து அல்லது ஆறு சுருள் போதும். ஏறக்குறைய இருநூறு படம். ஊர் திரும்பி ஒருவரை உட்கார வைத்துக் காட்ட அதுவே அதிகம்.

எந்தச் சுருள்? பெட்டியில் போட்டிருக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணைப் பாருங்கள். எண் குறைந்தால் அதிக வெளிச்சம் தேவை, படம் நைசாக வரும். எண் கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கும், படத்தில் மணல்மணலாகப் புள்ளி தெரியும்.

* சிங்கப்பூர், மலேசியா, துபாய் பகல் வெயில்: 100 அல்லது 200. கோடக் எக்டார் 100, கோடக் கோல்ட் 200 போன்றவை.
* லண்டன் மழைமூட்டம், ஐரோப்பாவின் குளிர்காலம்: 400. முகங்களின் நிறத்துக்கு கோடக் போர்ட்ரா 400-க்கு நல்ல பெயர்.
* கறுப்பு வெள்ளை: இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ் 400. வெளிச்சக் கணக்கு கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்கும்.

எதை வாங்குவது என்று குழம்பினால் எல்லாமே 400 ஆக வாங்கிவிடுங்கள். வெயிலிலும் சமாளிக்கும், நிழலிலும் சமாளிக்கும்.

கேமராவின் லைட் மீட்டர் செத்துப்போயிருந்தால் பழைய ஸ்டூடியோக்காரர்களின் சூத்திரம் ஒன்று உண்டு. நல்ல வெயிலில் துளையை 16-ல் வையுங்கள். ஷட்டர் வேகத்தை ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். 200 சுருளுக்கு 1/200 அல்லது 1/250 விநாடி. மேகம் மூடினால் துளை எண்ணை 8-க்கு இறக்குங்கள்.

பரண் கேமராவை முதன்முதலாக வெளிநாட்டில் சோதிக்க வேண்டாம். கிளம்பும் முன் ஒரு சுருளை உள்ளூரில் ஓட்டி, கழுவிப் பாருங்கள். உள்ளே வெளிச்சம் கசிகிறதா, சுருள் ஒழுங்காக நகர்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

விமான நிலையத்தில் ஃபிலிமுக்கு ஆபத்து

ஏ.கே.செட்டியார் காலத்தில் ஃபிலிமுக்கு எதிரி தீ. இன்று எதிரி ஸ்கேனர். கழுவாத ஃபிலிம் எக்ஸ்ரே பட்டால் புகை மூட்டம் போட்டதுபோல மங்கும். எனவே:

* ஃபிலிமை செக்-இன் பெட்டியில் ஒருபோதும் வைக்காதீர்கள். அங்கே பாயும் கதிர் வலுவானது. ஃபிலிம் போட்ட கேமராவும் கைப்பையில்தான் வர வேண்டும்.
* கைப்பைக்கான பழைய வகை எக்ஸ்ரே இயந்திரம் 400 வரையிலான சுருளை ஓரிரு முறை கடந்தால் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பல நாடுகளில் இப்போது சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. அதில் ஒரு முறை போனாலே சேதம். ஃபிலிம் தயாரிப்பாளர்களே அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள்.
* சுருள்களை டப்பாவிலிருந்து எடுத்து, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, ‘கையால் சோதியுங்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். அமெரிக்காவில் இப்படிக் கேட்க வழி உண்டு. மற்ற இடங்களில் அதிகாரியின் முடிவுதான். மறுத்தால் வாதாடிப் பயனில்லை, விமானத்துக்கு நேரமாகிவிடும்.
* பாதுகாப்பான வழி: போன ஊரிலேயே கழுவிவிடுவது. கழுவிய ஃபிலிமை எந்த ஸ்கேனரும் ஒன்றும் செய்யாது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் இப்போது கழுவ ஆள் கிடைப்பதும் அரிது.

வாழ்நாளில் ஒரு முறை போகும் பயணத்தை ஃபிலிமை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம். முக்கியமான தருணங்களை போனிலும் ஒரு முறை எடுத்துவிடுங்கள்.

பேட்டரி, பிளக், சுங்கம்

உதிரி பேட்டரியும் பவர் பேங்க்கும் கைப்பையில் மட்டுமே. 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர், பயமில்லை. எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்க்கை எடுத்துப் போகாதீர்கள், பறிமுதல் ஆகலாம். பறக்கும்போது பவர் பேங்க்கில் சார்ஜ் போடக் கூடாது என்றும் சில விமான நிறுவனங்கள் சொல்கின்றன.

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மூன்றிலும் சதுரக் கால் மூன்று பின் பிளக். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தட்டைக் கால். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட்தான். உங்கள் சார்ஜரில் ‘100–240’ என்று எழுதியிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும்.

விலை உயர்ந்த கேமரா, லென்ஸ் கொண்டு போகிறீர்களா? கிளம்பும்போதே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி ‘எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்’ வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய பில்லும் போனில் இருக்கட்டும். திரும்பும்போது ‘இது அங்கே வாங்கியதுதானே’ என்ற கேள்வி எழுந்தால் கைகொடுக்கும். வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டிரோன் மட்டும் வாங்கி வராதீர்கள். 2022 முதல் டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது.

சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊரில் ஏசி அறையிலிருந்து கேமராவோடு வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். பையை மூடியபடி பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் தானே மறையும்.

கேமராவை உள்ளே வைக்கும் நேரம்

ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவரை அனுமதியில்லாமல் படம் எடுப்பது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அரசு, ராணுவக் கட்டடங்கள் எங்குமே வேண்டாம். ஜப்பானின் கியோட்டோவில் கியோன் பகுதியின் தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், பினாங்கு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் போன்ற நம்மவர்கள் எழுப்பிய கோயில்களிலும் சந்நிதியைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

எடுத்த படம் எங்கே போகும்?

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படம் பத்து வருடம் கழித்து இருக்குமா? இதற்கும் ஏ.கே.செட்டியாரிடம்தான் போக வேண்டும்.

லட்சம் மைல் அலைந்து அவர் எடுத்த அந்தத் தமிழ்ப் படம் இன்று முழுமையாக நம் கையில் இல்லை. 1953-ல் அமெரிக்காவில் தயாரான ஆங்கிலப் பதிப்பின் பிரதியைத்தான் வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி சான்பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேடிக் கண்டெடுத்தார். படம் எடுத்த அனுபவத்தை ஏ.கே.செட்டியார் எழுதிவைத்ததால் அந்தக் கதையாவது ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற நூலாக நமக்கு மிஞ்சியது.

அதே கோட்டையூரில் இன்னொருவரும் இருந்தார். ரோஜா முத்தையா. பழைய புத்தகம், பத்திரிகை, அழைப்பிதழ், நோட்டீஸ் என்று கிடைத்த காகிதத்தையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் கொண்ட அந்தச் சேகரிப்புதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்து நிற்கிறது. ஒருவர் உலகம் சுற்றிப் படம் திரட்டினார், இன்னொருவர் ஊரில் உட்கார்ந்து காத்துவைத்தார். பயணம் போகிறவர் இரண்டு வேலையையும் செய்தாக வேண்டும்.

வழி எளிதுதான். ஊர் திரும்பிய வாரமே படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று வீட்டு ஹார்டு டிஸ்க், இன்னொன்று ஆன்லைன் சேமிப்பு. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் பேரன் முகம் தொலையாது. மங்கல், இரட்டிப்பு எல்லாவற்றையும் அழித்து நூறாகக் குறையுங்கள். அதில் இருபதையாவது பிரின்ட் போடுங்கள். ஃபிலிமில் எடுத்திருந்தால் ஸ்கேன் வந்ததும் நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரமில்லாத, சூடில்லாத அலமாரியில், அதற்குரிய உறையில் வையுங்கள்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. செட்டிநாட்டு வீடுகளின் வளவிலும் முகப்பிலும் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. தலைப்பாகையோடு ஒருவர், பக்கத்தில் நாற்காலியைப் பிடித்தபடி ஒரு சிறுவன், பின்னால் ரங்கூன் ஸ்டூடியோ திரை. படம் நூறு வருடம் நிலைத்துவிட்டது. யார் இவர் என்று கேட்டால் சொல்ல வீட்டில் ஒரே ஓர் ஆச்சிதான் மிச்சம், சில வீடுகளில் அவரும் இல்லை.

பிரின்டின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பேனா மை மறுபக்கம் ஊறும், பென்சில் ஊறாது. பயணப் படங்களுக்கு எழுதும் அதே கையோடு, இந்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை உட்கார வைத்துச் சுவரில் இருக்கும் படங்களுக்கும் எழுதி வாங்கிவிடுங்கள்.